மூன்று நாடுகளா, ஒரே நாடா, பவுலின் பாதையா? வேதாகம நிலங்களுக்குக் குழுவாகச் செல்வோருக்கு ஓர் ஒப்பீடு

சபையாகவோ பங்காகவோ சேர்ந்து வேதாகம நிலங்களைக் காணப் புறப்படுகிறவர்கள் முதலில் பேசுவது தேதியையும் கட்டணத்தையும் பற்றித்தான். எந்தப் பாதையில் போவது என்ற கேள்வியோ, பயண ஏற்பாட்டாளர் தரும் நிரலைப் பார்த்த மாத்திரத்தில் முடிந்துபோகிறது. ஆயினும் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒரு குழு எதைக் காண முடியும், எங்கே நின்று ஜெபிக்க முடியும், எவ்வளவு நேரம் பேருந்திலும் எல்லைச் சாவடிகளிலும் கழியும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தப் பாதைதான். வழக்கத்தில் உள்ள மூன்று பாதைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: எகிப்து, யோர்தான், இஸ்ரேல் ஆகியவற்றை ஒரே மூச்சில் இணைக்கும் பாதை, கலிலேயாவிலும் எருசலேமிலும் மட்டும் தங்கும் பாதை, துருக்கியிலும் கிரேக்கத்திலும் பவுல் நடந்த ஊர்களைத் தொடரும் பாதை.

மூன்று நாட்டுப் பாதையின் வலிமை அதன் கதை வரிசையில் இருக்கிறது. பழைய கெய்ரோவில் திருக்குடும்பம் தங்கியதாக மரபு சொல்லும் அபு செர்கா ஆலயத்தில் தொடங்கி, சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீனாள் மடத்தைக் கண்டு, யோர்தானில் மோசே நின்ற நேபோ மலைமேல் ஏறி, அதன் பிறகு வாக்குத்தத்த நாட்டுக்குள் நுழையும்போது, யாத்திராகமமும் உபாகமமும் வரைபடமாக விரிவதைக் குழு உணர்கிறது. நேபோவுக்கு அருகிலுள்ள மாதபாவில், 6ஆம் நூற்றாண்டுத் தரைச் சித்திரத்தில் எருசலேம் நகரம் வண்ணக் கற்களால் வரையப்பட்டிருப்பதைக் கண்டபின் அந்த நகரத்துக்குச் செல்வது தனி அனுபவம்.

அதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. கெய்ரோவிலிருந்து சீனாய் மடம் 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது; மடமோ காலையில் சில மணி நேரம் மட்டுமே பார்வையாளர்களுக்குத் திறக்கிறது. 2,285 மீட்டர் உயரமுள்ள சிகரத்தில் சூரியோதயம் காண விரும்புகிறவர்கள் நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்க வேண்டும். ஒட்டகம் ஒரு கட்டம் வரை சுமந்து சென்றாலும் கடைசியில் எஞ்சும் சுமார் 750 படிகளைக் காலால்தான் ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள மூத்தோர் அடிவாரத்திலேயே தங்கிவிட, குழு அங்கேயே இரண்டாகப் பிரிகிறது. எல்லைகளைக் கடக்கும் நாட்களில் பெட்டிகளை இறக்குவது, வரிசையில் நிற்பது, மறுபக்கம் வேறு பேருந்துக்கும் வேறு வழிகாட்டிக்கும் மாறுவது என்று பாதி நாளுக்கு மேல் போய்விடும். யோர்தானுக்கும் மேற்குக் கரைக்கும் இடையிலுள்ள ஆலன்பி பாலம் என்னும் எல்லைச் சாவடி வெள்ளி, சனிக்கிழமைகளில் வழக்கமான நேரம் முழுவதும் திறந்திருக்காததால், நிரல் அமைப்பவர் நாட்காட்டியைக் கவனிக்காவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும். இந்த இழப்பெல்லாம் எருசலேமுக்கு ஒதுக்கிய நாட்களிலிருந்துதான் கழிக்கப்படுகிறது. என் மனத்தாங்கல் அதுதான். பல நிரல்களில் எருசலேமுக்குக் கிடைப்பது ஒன்றரை நாள்.

இரண்டாவது பாதைக்கு நாடு ஒன்று, தங்குமிடம் இரண்டு. கலிலேயாவில் மூன்று இரவுகள், ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தெற்கே எருசலேமில் ஐந்து இரவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். கலிலேயாக் கடல் 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே, மேடுகள் சூழ்ந்து கிடக்கிறது. அந்த மேடுகளிலிருந்து காற்று சரிந்து இறங்குவதால் திடீரென அலை எழுகிறது என்பதைப் படகில் அமர்ந்து கேட்கும்போது, சீஷர்கள் பயந்த இரவு வெறும் கதையாக இருப்பதில்லை. 1986ஆம் ஆண்டில் தண்ணீர் வற்றிய கரையில் கிடைத்த, இயேசுவின் காலத்தையொட்டிய படகு கினோசாரில் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் நீளம் 8 மீட்டரைச் சற்றே தாண்டும். பதின்மூன்று பேர் அதில் எவ்வளவு நெருக்கமாக அமர்ந்திருப்பார்கள் என்பது பார்த்ததும் புரியும். கப்பர்நகூமில் வெண்கல் ஜெப ஆலயத்தின் அடியில் கறுப்பு எரிமலைக் கல்லாலான பழைய அடித்தளம் தெரிகிறது. வழிகாட்டி இருபது நிமிடம் என்று சொல்லும் இந்த இடத்தில், மாற்கு முதல் அதிகாரத்தை முழுவதும் வாசிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி அந்தக் கரையிலும் அந்த ஊரிலும் நிகழ்ந்ததுதான்.

எருசலேமில் குழுக்கள் அதிகம் தடுமாறுவது இயேசுவின் கல்லறையைப் பற்றித்தான். பழைய நகரத்துக்குள் இருக்கும் திருக்கல்லறை ஆலயம் கான்ஸ்டன்டைன் மன்னனால் கட்டப்பட்டு 335இல் அர்ப்பணிக்கப்பட்டது. கிரேக்கர், அர்மீனியர், கத்தோலிக்கர், கோப்தர், எத்தியோப்பியர், சிரியர் ஆகிய ஆறு சபையார் அதில் வழிபடுகிறார்கள். கதவின் சாவியும் காவலும் தலைமுறைகளாக இரண்டு இஸ்லாமியக் குடும்பங்களிடம் இருக்கின்றன. இருளும் சாம்பிராணிப் புகையும் நெரிசலும் நிறைந்த அந்த இடம், எளிய வழிபாட்டுக்குப் பழகிய சீர்திருத்த சபையாருக்கு அந்நியமாகத் தோன்றுவது இயல்பே. தமஸ்கு வாசலுக்கு வெளியே உள்ள தோட்டக் கல்லறை அதற்கு நேர்மாறானது: மரநிழல், அமைதி, மண்டையோடு போலத் தோன்றும் பாறை, முன்பதிவு செய்த குழு திருவிருந்து ஆசரிக்கத் தனி இடம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ஜெனரல் கோர்டன் போன்றோரால் புகழ் பெற்ற இந்தக் கல்லறை, இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்டது என்பது தொல்லியலாளர் பலரின் முடிவு. யோவான் நற்செய்தி சொல்லும் புதிய கல்லறையாக அது இருப்பது கடினம். திருக்கல்லறை ஆலயம் இன்று மதிலுக்குள் இருப்பதைக் காட்டி அதை மறுப்பவர்கள், அந்த இடம் இயேசுவின் காலத்தில் மதிலுக்கு வெளியே இருந்தது என்பதையும், அங்கே முதல் நூற்றாண்டுக் கல்லறைகள் காணப்பட்டதையும் கணக்கில் எடுப்பதில்லை. என் முடிவு இது: சான்றின்படி திருக்கல்லறை ஆலயம், ஜெபத்துக்குத் தோட்டம். ஆகவே ஒன்றைக் கைவிடாமல் இரண்டுக்கும் போங்கள். ஆலயத்துக்கு விடியற்காலையிலேயே போங்கள், ஏனெனில் கல்லறை அறைக்குள் ஒரே நேரத்தில் சிலர் மட்டுமே நுழைய முடியும், நாற்பது பேர் கொண்ட குழு பகலில் அதற்கே நெடுநேரம் காத்திருக்க நேரிடும்.

ஞானஸ்நான நினைவுக்கு மூன்று துறைகள் போட்டியிடுகின்றன. கலிலேயாக் கடலிலிருந்து யோர்தான் ஆறு வெளியேறும் இடத்திலுள்ள யர்தெனித் வசதியானது. தெளிந்த நீர், உடை மாற்றும் அறைகள், வாடகைக்கு வெண்ணங்கி எல்லாம் உண்டு. ஆனால் யோவான் ஸ்நானகன் பிரசங்கித்தது யூதேயா வனாந்தரத்தில். அதற்குப் பொருந்துவது எரிகோவுக்குக் கிழக்கே, ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே உள்ள கஸர் அல்யஹூதும் யோர்தான் நாட்டுப் பக்கத்து அல்மக்தாஸும்தான். ஆறு அங்கே சில மீட்டர் அகலமே உள்ளது, நீர் கலங்கல். யோவான் நற்செய்தி யோர்தானுக்கு அக்கரை என்று சொல்வதால் அல்மக்தாஸுக்கே முதலிடம் தருவேன். யுனெஸ்கோ அதை 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இஸ்ரேலில் மட்டும் தங்கும் குழுவுக்குக் கஸர் அல்யஹூத் போதும், அக்கரையில் பாடும் குழுவின் குரல் இக்கரைக்குக் கேட்கும்.

மூன்றாவது பாதையைப் பலரும் இரண்டாந்தரமாக எண்ணுகிறார்கள், அது தவறு. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் உள்ளன. இஸ்மிர் நகரமே பழைய சிமிர்னா. எபேசுவில் சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கின் படிகளில் உட்கார்ந்து அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தை வாசித்தால், "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டு மணி நேரம் எழுந்த கூச்சலின் அளவு புலப்படும். லவோதிக்கேயாவின் மேட்டிலிருந்து பார்த்தால் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் படிய வைத்த வெண்சரிவு தெரிகிறது. அருகே குளிர்ந்த நீருக்குப் பெயர்பெற்ற கொலோசே, இடையில் குழாய் வழியாக நீர் கொண்டுவந்த லவோதிக்கேயா. லவோதிக்கேயா சபைக்கு வந்த, குளிருமல்ல அனலுமல்ல என்ற கடிந்துகொள்ளுதலுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது. கிரேக்கத்தில் பிலிப்பியின் ஆற்றங்கரையும், ஏதென்ஸின் மார்ஸ் மேடையும், ரோம அதிபதி கல்லியோன் முன் பவுல் நிறுத்தப்பட்ட கொரிந்துவின் நியாயாசனமும் காத்திருக்கின்றன. நெரிசல் பெரும்பாலும் எபேசுவிலும் ஏதென்ஸிலும்தான். மற்ற இடங்களில் குழு தடையின்றி வாசித்துப் பாடலாம்.

குறைகளும் உண்டு. காண்பவை பெரும்பாலும் இடிபாடுகள் என்பதால், முன்கூட்டியே வேதபாடம் நடத்தாத குழுவுக்கு மூன்றாம் நாளே எல்லாத் தூண்களும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டு நாடுகளுக்கும் நுழைவு விதிகள் வேறு. விசா தேவைப்படுவோர் கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா பெற வேண்டும். யோவான் வெளிப்படுத்தின விசேஷத்தின் தரிசனத்தைக் கண்ட பத்மு தீவுக்கு விமான நிலையம் இல்லாததால், கடல் பயணத்துக்குத் தனி நாட்கள் ஒதுக்காமல் அதை நிரலில் சேர்க்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை மூன்றும் சமம் அல்ல. 2023 அக்டோபரில் இஸ்ரேல்-காசா போர் தொடங்கியபின் புனித நாட்டுப் பயணங்கள் பெருமளவு நின்றுபோயின. தங்கள் அரசு வெளியிடும் பயண அறிவுரையையும், காப்பீட்டில் போர்ச் சூழல் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்காமல் எந்தப் பொறுப்பாளரும் முன்பணம் கட்டக் கூடாது. துருக்கி, கிரேக்கப் பாதை இந்த விஷயத்தில் எளிதானது.

ஆகவே முதல் முறை செல்லும் குழுவுக்கு, சூழல் இடம் கொடுக்கும்போது, நான் இரண்டாவது பாதையைப் பரிந்துரைக்கிறேன். மூத்தோர் அதிகமுள்ள குழுவுக்கு இன்னும் உறுதியாக. ஏற்கெனவே எருசலேமைக் கண்டவர்களும், நிருபங்களை ஓராண்டு சேர்ந்து படித்த குழுவும் பவுலின் பாதையை எடுக்கலாம். மூன்று நாட்டுப் பாதை, நல்ல உடல்நலமுள்ள, பதினான்கு நாட்களாவது ஒதுக்கக்கூடிய இளையோருக்கே பொருந்தும்.

இரண்டாவது பாதையைத் தேர்ந்தால் நிரலில் ஒரே ஒரு திருத்தம் கேளுங்கள். பெத்லகேமை எருசலேமிலிருந்து போய்வரும் இரண்டு மணி நேர நிறுத்தமாக வைக்காமல், எருசலேமின் ஐந்து இரவுகளில் ஒன்றை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பாலஸ்தீன நிர்வாகத்திலுள்ள அந்த ஊரில் உள்ளூர் வழிகாட்டியே உடன் வருவார். பயணிகள் வராத ஆண்டுகளில் வாழ்வாதாரம் இழந்த ஒலிவமரச் சிற்பிகளின் பட்டறைகளை நிதானமாகக் காணலாம். காலையில், பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன், பெரியவர்களும் குனிந்தே நுழைய வேண்டிய தாழ்ந்த வாசல் வழியாகப் பிறப்பு ஆலயத்துக்குள் சென்று, வெள்ளி நட்சத்திரம் பதித்த குகையில் உங்கள் குழு மட்டும் நின்று லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிக்க வாய்ப்புண்டு.