ஒருநேரம் பிடிக்கும், ஒருநேரம் பிடிக்காது: கிளிநொச்சியில் பழைய வானுக்கு நம்பிப் போகக்கூடிய வயறிங் கடை

பழைய வான் வைத்திருப்பவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். உங்கள் வான் ஒருநேரம் ஸ்டார்ட் ஆகி ஒருநேரம் ஆகாமல் கழுத்தறுக்குது என்றால், புதுப் பற்றரிக்குக் காசு கட்டுவதற்கு முன்னம் கரடிப்போக்குச் சந்தி தாண்டிப் பரந்தன் பக்கம் போகும்போது ஏ9 ஓரத்தில் இருக்கிற தகரக் கொட்டகை வயறிங் கடைக்கு ஒருக்கா போங்கள். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய டைனமோக்களும் ஸ்டார்ட்டர் கோதுகளும் குவிந்து கிடக்கும், அதைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

என்னுடையது டொயோட்டா டவுன்ஏஸ், 2சி டீசல் எஞ்சின், 1974 சிசி, மனுவல் கியர். காலையில் வட்டக்கச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மிச்ச நேரத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஆஸ்பத்திரி ஹயர். திறப்பைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. திரும்பத் திருப்பினால் சிலவேளை உடனே பிடிக்கும், சிலவேளை விட்டு விட்டுத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதிலும் நல்லாக ஓடிச் சூடேறிய எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே எடுக்கப் போனால்தான் கூடுதலாக மாட்டுவோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற டிரைவர் வன்னியில் இல்லை, ஆனால் நான் எஞ்சினை ஓடவிட்டபடியேதான் இறங்கிக் கும்பிடுவேன். பின்னுக்கு நோயாளி இருக்க, வெயிலுக்குள் வான் எழும்பாமல் நின்றால் அந்த வீட்டுச் சனத்தின் முகத்தைப் பார்க்க ஏலாது.

இந்த வருத்தத்துக்கு ஒரு கராஜில் பற்றரி மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் எஞ்சினைச் சுற்றி எழுப்புகிற மோட்டரான ஸ்டார்ட்டரைக் கழற்றி, அதற்குள் கரண்ட் கொடுக்கிற காபன் கட்டைகளை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் திறப்புச் சுவிட்ச் பிழை என்று முழு செட்டையும் மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் வேலை முடிய ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள், அது பிடிக்கும், காசு கொடுத்துவிட்டு வருவோம். விட்டு விட்டு வருகிற கோளாறில் இதுதான் கரைச்சல்: கராஜில் நிற்கும்போது பிடித்தால் எதைத் திருத்தினாலும் திருந்தின மாதிரித்தான் இருக்கும்.

இந்தக் கடைக்காரர் அப்படி வேலை செய்வதில்லை. பொனட்டைத் திறக்க முன்னமே கேள்விதான்.

"தம்பி, பிடிக்காத நேரம் என்ன சத்தம்? ஒரே டக்கா, டிக்டிக்கெண்டு அடிக்குதா, சத்தமே இல்லையா?"

"ஒரே டக் அண்ணை."

"அப்ப டாஷ்போர்ட் லைட் மங்குதோ?"

மங்குவதில்லை என்றேன். அந்த இரண்டு பதிலிலேயே பாதிப் பாதை அவருக்குத் தெரிந்துவிட்டது. இதைக் கொஞ்சம் விளக்கினால் எல்லாருக்கும் உதவும். டிக்டிக் என்று விடாமல் அடித்து லைட்டும் மங்கினால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது பற்றரிக் கொழுவியோ கேபிளோ சரியாகப் பிடிக்கவில்லை. சத்தமே இல்லையென்றால் திறப்பிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகிற மெல்லிய வயரில் கரண்ட் வரவில்லை, சுவிட்ச், றிலே, ஓட்டோ கியர் வாகனமென்றால் கியர் பக்கத்துச் சுவிட்ச் என்று அந்த வழியில் தேட வேண்டும். லைட் பிரகாசமாக இருக்க ஒரே ஒரு டக் மட்டும் கேட்டால் சந்தேகம் ஸ்டார்ட்டரின் தலையில் இருக்கிற சொலினொயிட்டுக்கு, அதாவது திறப்பைத் திருப்பினதும் காந்தமாக இழுத்து மோட்டருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சுக்கு, போகும். ஆனால் சந்தேகத்தோடு அவர் எதையும் கழற்றவில்லை.

முதலில் மீற்றர். எஞ்சின் நிற்கும்போது பற்றரியில் 12.6 வோல்ற், அது முழுச் சார்ஜ். ஸ்டார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது என்றார், இறங்கவில்லை. எஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டி நின்றது, ஆக டைனமோவும் சரி. பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அரை வோல்ற்றுக்கு மேலே காட்டியது. அது 0.2ஐத் தாண்டாமல் இருக்க வேண்டுமாம். பற்றரி மைனஸை எஞ்சின் இரும்போடு இணைக்கிற ஏர்த் வயரின் நட்டைக் கழற்றினால் உள்ளுக்குள் எங்களுடைய கிரவல் ரோட்டுச் செம்புழுதி ஒயிலோடு சேர்ந்து கட்டியாக இறுகிக் கிடந்தது, அதற்குக் கீழே துரு. உப்புத்தாள் போட்டு இரும்பு மினுங்கும்வரை தேய்த்து இறுக்கினார். திரும்ப அளந்தபோது முள் அசைந்ததும் தெரியவில்லை.

வேறு ஆளென்றால் அதோடு காசு வாங்கி அனுப்பியிருப்பார். இவர் "இது ஒரு குறை, உங்கட குறை இதுதானெண்டு எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு இந்த மனுசனில் நம்பிக்கை விழுந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்துச் செய்ததுதான் இந்தக் கடையின் திறமை. இரண்டு சின்ன பல்ப் எடுத்தார், இரண்டுக்கும் தனித்தனியாகப் பியூஸ் போட்டார். ஒன்றின் வயரைத் திறப்பிலிருந்து சொலினொயிட்டுக்கு வருகிற மெல்லிய வயரிலும், மற்றதைச் சொலினொயிட்டிலிருந்து மோட்டருக்குள் இறங்குகிற தடித்த முனையிலும் கொழுவி, இரண்டு பல்பையும் டாஷ்போர்டில் ஒட்டிவிட்டார். "ஓடிக்கொண்டு திரியுங்கோ. எப்ப டக்கெண்டு நிக்குதோ அப்ப எது எரியுது, எது எரியேல்லையெண்டு பாத்துக்கொண்டு வாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்." முதல் பல்ப் எரியாவிட்டால் கோளாறு திறப்புப் பக்கம். முதலாவது எரிந்து இரண்டாவது எரியாவிட்டால் சொலினொயிட்டின் உள்ளே. இரண்டும் எரிந்தும் சுற்றாவிட்டால் மோட்டர். கோளாறு வருகிற நேரம் வாகனம் எங்கே நின்றாலும் அது தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். கம்ப்யூட்டரும் வேண்டாம், ஸ்கேனரும் வேண்டாம். இந்த வயது வானில் ஸ்கேனர் கொழுவுவதற்கு இடமும் கிடையாது.

பரந்தனில் ஆள் இறக்கிவிட்டு எடுக்கும்போது அது வந்தது. முதல் பல்ப் பளிச், இரண்டாவது இருட்டு.

ஸ்டார்ட்டரைத் தொட முன்னம் பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் கீழே போனார். ஸ்டார்ட்டருக்குப் போகிற தடித்த கேபிளில் எந்த நேரமும் கரண்ட் நிற்கும், இதைக் கழற்றாமல் ஸ்பானர் போடுகிற கராஜ்களை நான் பார்த்திருக்கிறேன். பின்மூடியைத் திறந்து உள்ளே இருந்த இரண்டு செம்புத் துண்டுகளையும் என் கையில் தந்தார். ஒன்று பரவாயில்லை. பற்றரிப் பக்கத்துத் துண்டு ஒரு ஓரம் முழுக்கத் தேய்ந்து, கறுத்து, நகத்தால் தடவினால் குழி தெரிந்தது. சொலினொயிட் இழுக்கும்போது ஒரு செம்புத் தட்டு வந்து இந்த இரண்டையும் தொட வேண்டும், தொட்டால்தான் மோட்டருக்குக் கரண்ட். தேய்ந்த பக்கம் தொட்டும் தொடாமலும் நிற்கும். டக் என்ற சத்தம் தட்டு வந்து நிற்கிற சத்தம், ஆனால் கரண்ட் போவதில்லை. சூட்டில் ஏன் கூட என்று கேட்டேன். சூடேறினால் சொலினொயிட்டின் சுருள் கம்பியில் தடை கூடும், இழுவை குறையும், ஏற்கெனவே எட்டாமல் நிற்கிறது இன்னும் எட்டாது என்றார். ஸ்டார்ட்டரில் ஸ்பானரால் தட்டினால் பிடிக்கிறது என்று டிரைவர்மார் செய்வதும் இதனால்தான், தட்டும்போது உள்ளே கொஞ்சம் அசைந்து தொட்டுக்கொள்ளும். வருத்தம் அப்படியே இருக்கும்.

இரண்டு செம்பும் புதிதாகப் போட்டார். சாமானும் கூலியும் சேர்த்து ஒரு புதுப் பற்றரியின் விலையில் பத்தில் ஒரு பங்கும் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் ஒரே திருப்பில் பிடிக்கிறது.

இவர் தொழில் பழகியது தொண்ணூறுகளில், புதுக்குடியிருப்பில். பொருளாதாரத் தடை இருந்த காலம், பற்றரியும் உதிரிப்பாகமும் வன்னிக்குள் வராது, பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். மாற்றுவதற்குப் பொருளே இல்லாத இடத்தில் எது பழுது, எது நல்லது என்று பிரித்தறியாமல் பிழைக்க முடியாது. அந்தப் பழக்கம் இன்றைக்கும் எங்களுக்குத் தேவைப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்தும் வரியோடு சேர்த்து எங்களைப் போல ஹயர் ஓடுகிறவனுக்குக் கிட்டப் போக முடியாத விலை. இந்தப் பழைய வான்களைத்தான் இன்னும் ஓட்டப் போகிறோம்.

குறைகளும் இருக்கின்றன. வேலை மெதுவாகத்தான் நடக்கும், உடனே முடித்துத் தா என்று நின்றால் சரிவராது. கையில் வேலை இருந்தால் போன் எடுக்க மாட்டார். பில் எழுதித் தருவதில்லை, கம்பனி வாகனக்காரருக்கு இது சிக்கல். உதவிக்கு நிற்கிற பொடியன் கெட்டிக்காரன், ஆனால் டாஷ்போர்ட் மூடியை அவன் பூட்டினால் ஒருக்கா கையால் அமத்திப் பாருங்கள், எனக்கு ஒரு ஆணி இளகி இருந்தது. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாமல் நின்றால் அது வேறு கதை, டீசல் லைனில் காற்று, பம்பில் டீசலைத் திறந்து அடைக்கிற கட் ஓப் சொலினொயிட், மார்கழி விடியற்காலையென்றால் ஹீட்டர் பிளக். கரண்ட் வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்வார், மிச்சத்துக்குப் பம்ப் வேலைக்காரரிடம் அனுப்பிவிடுவார். ஸ்குரூட்ரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனையையும் தொட வைத்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், செய்ய மாட்டார், எவ்வளவு அவசரமென்றாலும். கியரில் கிடந்தால் வான் கீழே இருக்கிற ஆளின்மேல் ஏறும்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், ஒரே நேரத்தில் இரண்டு வாகனத்துக்கு மேல் எடுக்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னம் போனால் நல்லது, கொட்டகை ஒழுகத் தொடங்கினால் ஸ்டார்ட்டர் திறக்கிற வேலையை ஒத்திப்போடுவார்.