ஸ்பானிஷ் படிக்க எந்தக் கிறிஸ்தவக் கல்லூரி? கோஷன், கால்வின், வீட்டன், நவார்ரா: ஓர் அலசல்

கிறிஸ்தவக் கல்லூரியில் ஸ்பானிஷ் படிப்பது என்று முடிவான பிறகு எல்லோரும் பார்ப்பது கட்டணத்தையும் தரவரிசையையும்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. அந்தக் கல்லூரி உங்கள் பிள்ளையை எந்த ஸ்பானிஷ் உலகத்துக்குள் கூட்டிப் போகிறது? பெருவின் லீமாவில் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகுகிற ஸ்பானிஷ் ஒன்று, 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி அவிலாவின் தெரேசாவை வரி வரியாக வாசித்துப் பழகுகிற ஸ்பானிஷ் இன்னொன்று. இரண்டும் வேண்டும்தான், ஆனால் நான்கு வருடத்தில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது, எது முதலில் என்று தேர்ந்தே ஆக வேண்டும்.

ஸ்பானிஷ் எங்கேயும் படிக்கலாமே, கிறிஸ்தவக் கல்லூரி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்த இலக்கியத்தைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். சாலமன்காவில் பேராசிரியராக இருந்த துறவி லூயிஸ் தெ லெயோன், உன்னதப்பாட்டை ஸ்பானிஷில் பெயர்த்ததும் அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்றாகி, 1572 முதல் 1576 வரை சமய விசாரணை மன்றத்தின் சிறையில் கிடந்தார். துறவியும் கவிஞருமான சிலுவையின் யோவானை 1577இல் அவருடைய சபைத் துறவிகளே பிடித்து தொலேதோவில் அடைத்து வைத்தார்கள், ஸ்பானிஷ் கவிதையின் உச்சம் என்று சொல்லப்படும் வரிகளில் பல அந்த இருட்டறையில் பிறந்தவை. செவில்யா பக்கத்து மடத்திலிருந்து தப்பி ஓடிய காசியோதோரோ தெ ரெய்னா 1569இல் பாசலில் முழு பைபிளையும் ஸ்பானிஷில் அச்சிட்டார். அதன் திருத்தப் பதிப்புதான் இன்றும் லத்தீன் அமெரிக்க புராட்டஸ்டண்ட் சபைகளில் கையில் இருப்பது. அரசுப் பல்கலைக்கழகத்திலும் இதெல்லாம் பாடத்தில் வரும். ஆனால் சங்கீதங்களைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அந்தக் கவிதைக்குள் நேராகவே போய்விடலாம்.

சரி, கல்லூரிகளுக்கு வருவோம். அமெரிக்காவில் மூன்று, ஸ்பெயினில் ஒன்று.

இண்டியானாவில் உள்ள கோஷன் கல்லூரி மெனோனைட் சபையினருடையது, 1894இல் தொடங்கியது. போருக்கு ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று நூற்றாண்டுகளாக நிற்கிற சபை அது. 1968 முதல் அவர்கள் நடத்திவரும் ஒரு திட்டத்துக்காகத்தான் இந்தக் கல்லூரியை முதலில் வைக்கிறேன். ஒரு பருவம் முழுக்க மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பெரு, ஈக்வடார் போன்றவை இதில் வந்திருக்கின்றன. முதல் பாதியில் பெரும்பாலும் தலைநகரில் இருந்துகொண்டு மொழியும் பண்பாடும் படிக்கிறார்கள். இரண்டாம் பாதியில் சின்ன ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்திலோ சுகாதார நிலையத்திலோ வேலை. இரண்டு பாதியிலும் தங்குவது உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில்.

மொழி உண்மையில் படிவது அந்த இரண்டாம் பாதியில்தான் என்பேன். தலைநகர வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருப்பதும் அமெரிக்கப் பிள்ளைதான், புரியாததை ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்ளலாம். சின்ன ஊரில் அந்த வழி அடைந்துவிடும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கடைசி பஸ் எப்போது, வீட்டுப் பாட்டி சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரை எது என்று எல்லாமே ஸ்பானிஷில் கேட்டால்தான் நாள் நகரும். அந்த ஊரிலிருந்து திரும்பி வந்து நிற்கிற ஊரும் ஸ்பானிஷ் பேசுகிற ஊர்தான். கோஷன் இருக்கிற எல்கார்ட் கவுண்டி, ஆர்.வி. என்று சொல்கிற வீட்டு வண்டிகள் தயாராகும் இடம். அந்தத் தொழிற்சாலைகளை நம்பி வந்த குடும்பங்களால் இன்று கோஷன் நகரில் நான்கு பேரில் ஒருவருக்கு மேல் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பெருவில் பழகிய மொழியை ஊரிலேயே மளிகைக் கடையில், சபையில், மருத்துவமனையில் தொடர்ந்து பேசலாம்.

குறை இல்லாமல் இல்லை. ஆயிரம் மாணவர்கள்கூட இல்லாத கல்லூரி, அதனால் உயர்நிலை இலக்கியப் பாடங்களில் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. லூயிஸ் தெ லெயோன், சிலுவையின் யோவான் காலத்துப் பொற்காலக் கவிதையில் ஆழ்ந்து போய் முனைவர் பட்டம் வரை போக நினைக்கிற பிள்ளைக்கு இது போதாது.

மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸில் உள்ள கால்வின், கிறிஸ்தவ சீர்திருத்தச் சபையார் 1876இல் தொடங்கியது. பல்கலைக்கழகம் என்ற பெயர் 2019இல்தான் வந்தது. இதன் பலம், மொழி எதற்கு என்று உட்கார்ந்து யோசித்த இடம் என்பது. அங்கே ஜெர்மன் கற்பித்த டேவிட் ஸ்மித், பார்பரா கார்வில் இருவரும் 2000இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். பாடப்புத்தகங்கள் மாணவனை ஒரு சுற்றுலாப் பயணியாக மட்டும் நடத்துகின்றன, ஹோட்டலில் அறை கேட்கவும் சாமான் வாங்கவும் சொல்லித் தருகின்றன, அந்த மொழிக்காரர்களின் துக்கமும் ஜெபமும் அதில் இல்லை என்பது அவர்கள் குறை. அந்நியரை வரவேற்கவும், தானே அந்நியனாகப் போன இடத்தில் நல்ல விருந்தாளியாக நடந்துகொள்ளவும்தான் ஒரு கிறிஸ்தவன் பிற மொழி படிக்கிறான் என்றார்கள். இது வெறும் பிரசங்கமில்லை. சாவு வீட்டில் ஆறுதல் சொல்லும் ஸ்பானிஷ் முதல் வருடத்திலேயே பாடத்தில் இருக்கிறதா என்று கேட்டால் எந்தத் துறையின் தரமும் தெரிந்துவிடும். பேராசிரியரே உடன் போய் நடத்தும் ஸ்பெயின் பருவமும் கால்வினுக்கு உண்டு. பள்ளியில் ஸ்பானிஷ் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கால்வின்தான்.

வீட்டன் இலினாயில், 1860இல் தொடங்கியது. இவாஞ்சலிக்கல் உலகில் மிகப் பெரிய பெயர், சேர்வதும் மற்ற இரண்டை விடக் கடினம். ஆசிரியர்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும், மாணவர்களுக்கும் நடத்தை உடன்படிக்கை உண்டு. அங்கே எச்.என்.ஜி.ஆர். என்று ஒரு திட்டம் இருக்கிறது, ஏழை நாடுகளில் ஆறு மாதம் உள்ளூர் அமைப்போடு வேலை செய்யும் பயிற்சி. குழுவாகப் போய்க் குழுவாகத் திரும்புவதில்லை, பெரும்பாலும் தனி ஆளாகவே இருக்க வேண்டும். வளர்ச்சிப் பணிக்கோ மிஷனரி ஊழியத்துக்கோ போக நினைக்கிற பிள்ளை, ஸ்பானிஷ் பேசும் நாடாகப் பார்த்து இதில் சேர்ந்தால் வேறு எங்கும் கிடைக்காத பயிற்சி.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. லத்தீன் அமெரிக்காவின் பண்பாடு கத்தோலிக்கத்தில் ஊறியது; புராட்டஸ்டண்ட் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டவர்கள் மட்டும் பாடம் நடத்தும் இடத்தில் மெக்சிகோ மக்கள் கும்பிடும் குவாடலூபே மாதா வெறும் பாடக்குறிப்பாக முடிந்துவிடக் கூடும். அதற்கு மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. டிசம்பர் 11 இரவும் 12ஆம் தேதியும் சிகாகோவை ஒட்டிய டெஸ் பிளெய்ன்ஸ் குவாடலூபே திருத்தலத்தில், நடுங்கும் குளிரில் ஜனம் ஜனமாக வந்து நிற்கும். அங்கே போய் ஒரு மணி நேரம் நின்று, வந்திருக்கும் மெக்சிகோக் குடும்பங்களோடு பேசினாலே எவ்வளவோ புரியும். வீட்டனிலிருந்து ரயிலேறினால் சிகாகோ, அங்கிருந்து பில்சென் பகுதிக்குப் போனால் மெக்சிகக் கலை அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணமே இல்லை.

நாலாவது ஸ்பெயினில் உள்ள நவார்ரா பல்கலைக்கழகம். பம்ப்லோனா நகரில் 1952இல் ஓபுஸ் தேயி இயக்கத்தின் நிறுவனர் தொடங்கியது, முழுக்கக் கத்தோலிக்கம். வெளிநாட்டவருக்கு மொழியும் பண்பாடும் கற்பிக்க அங்கே தனி நிறுவனமே இருக்கிறது. ஸ்பெயினின் திருத்தல நகரமான சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரிகர் பாதை இந்த வளாகத்துக்குள்ளேயே போகிறது. முதுகில் மூட்டையும் யாத்திரிகர் அடையாளமான சிப்பி ஓடுமாகப் பல நாட்டு ஜனங்கள் வகுப்பறை ஓரமாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே பாடம் படிக்கலாம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே இன்னொரு பந்தம் உண்டு. கோட்டாறிலும் முத்துக்குளித்துறையிலும் நாம் கும்பிடும் சவேரியார் 1506இல் பிறந்த ஹவியேர் கோட்டை இதே நவார்ராவில்தான் இருக்கிறது. மார்ச் மாதம் அந்தக் கோட்டைக்கு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே போகிறார்கள். 1542இல் நம் கடற்கரைக்கு வந்தவர், இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, அதை மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டியதை அவர் கடிதத்திலேயே படிக்கலாம். பிற மொழி படிக்க வந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அந்தக் கோட்டை வாசலில் நிற்பது பெரிய விஷயம்.

ஆனால் நவார்ராவில் பழகுவது ஸ்பெயின் நாட்டு ஸ்பானிஷ். சிகாகோ மருத்துவமனையில் மெக்சிகோ நோயாளியிடம் அதைப் பேசினால் புரியும், ஒட்டாது. 90 நாளுக்கு மேல் என்றால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மாணவர் விசாவும் வேண்டும், அந்தக் காகித வேலையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். பட்டத்தை வேறு எங்காவது எடுத்துக்கொண்டு, ஒரு பருவம் அங்கே போய்வருவது நல்லது.

என் அக்கா மகள் நர்சிங்கும் ஸ்பானிஷும் சேர்த்துப் படிக்க விரும்புகிறாள். "சித்தி, எனக்கு நோயாளியோட பேசணும், கவிதை அப்புறம் படிச்சுக்கறேன்" என்றாள். அவளுக்கு நான் சொன்னது கோஷன், அங்கே நர்சிங் துறையும் இருக்கிறது. அவளே இலக்கியம்தான் உயிர் என்று சொல்லியிருந்தால் கால்வினில் பட்டம், நடுவில் ஒரு பருவம் பம்ப்லோனா என்று சொல்லியிருப்பேன்.

பணத்தைப் பொறுத்தவரை அமெரிக்கக் கல்லூரிகள் மூன்றிலும் அறிவித்த ஆண்டுக் கட்டணம் 35,000 டாலருக்கு மேல். அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், உதவித்தொகை கழித்து வரும் தொகையைக் கடிதத்தில் வாங்கிவைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். வெளிநாட்டுப் பருவத்துக்கு அந்த உதவித்தொகை செல்லுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பிற மொழி படிப்போர் தொகை 2016இலிருந்து 2021க்குள் 16.6 சதவீதம் குறைந்திருக்கிறது, சின்னக் கல்லூரிகளில் மொழித் துறைகளை மூடுவதும் நடக்கிறது. அதனால் முழுநேர ஸ்பானிஷ் ஆசிரியர்கள் எத்தனை பேர், அடுத்த நான்கு வருடமும் ஸ்பானிஷை முதன்மைப் பாடமாக எடுக்கும் மேஜர் இருக்குமா, இந்த வருடம் எந்த நாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று துறைத் தலைவரிடமே கேட்டுவிடுங்கள். வளாகத்தைப் பார்க்கப் போகும்போது இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ஸ்பானிஷ் தாய்மொழியாக உள்ள யாராவது ஒருவரோடு பத்து நிமிடம் பேசச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். அப்படியே ஞாயிறு ஸ்பானிஷ் ஆராதனை எந்தச் சபையில், வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.