வீடு, நிலம் விற்க டிஜேஐ மினி 4 புரோ டிரோன்: சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கு ஏற்றதா?

பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் வானிலிருந்து எடுத்த படம் வீட்டைவிட நிலத்துக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. தாமானில் உள்ள ஒற்றை மாடி வீட்டை வாசலில் நின்று எடுத்தாலே வாங்குகிறவருக்குப் புரிந்துவிடும். செம்பனைக்கு நடுவே கிடக்கும் 3 ஏக்கர் லோட்டைத் தரையில் நின்று எடுத்தால் மட்டையும் புல்லும்தான் விழும். பாதை எந்தப் பக்கம் நுழைகிறது, ஓடை எங்கே, சரிவு எவ்வளவு என்பதெல்லாம் மேலே போனால்தான் தெரியும். அந்த வேலைக்கு, 2023 செப்டம்பரில் வந்த மினி 4 புரோ டிரோன் இன்றைக்கும் தாராளமாகப் போதும். அதற்குத் தெரியாத ஒன்று லோட்டின் எல்லை. விளம்பரங்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

இதன் லென்ஸ் 24 மி.மீ. சமானம், அதாவது அகலமாகப் பார்க்கும் லென்ஸ். கேமராவை நேர்கீழே திருப்பினால், 120 மீட்டர் உயரத்தில் ஒரு படத்துக்குள் ஏறக்குறைய 173க்கு 130 மீட்டர் நிலம் அடங்கும். ஏக்கர் கணக்கில் ஐந்தரை. 12 மெகாபிக்சல் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படப்புள்ளி, என்பது தரையில் 4 செ.மீ.க்குச் சற்று மேல். எல்லைக்கல்லின் தலை அதில் மூன்று நான்கு புள்ளிதான், புல் மூடியிருந்தால் அதுவும் கிடையாது. கல்லின் மேல் ஏ4 தாளை விரித்தாலும் 5க்கு 7 புள்ளி, வாட்ஸ்அப்பில் போனதும் கரைந்துவிடும். 60க்கு 90 செ.மீ. வெள்ளை உரச் சாக்கு 14க்கு 21 புள்ளியாக விழும், சுருக்கிய படத்திலும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு கல்லின் மேலும் ஒன்றை விரித்து, நான்கு ஓரத்திலும் கனம் வையுங்கள். கல் முற்றிய செம்பனையின் நிழலில் இருந்தால் சாக்கு பயன்படாது. குலை வெட்டும் கம்பின் நுனியில் சிவப்புத் துணி கட்டி, மட்டைகளின் இடைவெளி வழியாக மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கம்பு அலுமினியம் என்பதால் மின்கம்பி இருக்கும் பக்கம் இந்த வேலையே கூடாது.

இவ்வளவு மெனக்கெடாமல், கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துக் கணினியில் சிவப்புக் கோடு இழுத்துவிடுகிறார்கள். 200 மீட்டர் நீளமுள்ள பக்கத்தில் கோடு 5 மீட்டர் தள்ளிப் போனால் 1,000 சதுர மீட்டர், கால் ஏக்கர், பக்கத்து நிலத்தில் போய்விடும். கிரானோடு (நில உரிமைப் பத்திரம்) இருக்கும் பிளானும் தரையில் இருக்கும் கல்லும் ஒத்துப்போன பிறகே கோடு போட வேண்டும். கல்லே காணவில்லை என்றால் முதலில் வரவேண்டியவர் உரிமம் பெற்ற நில அளவையாளர், டிரோன்காரர் அல்ல.

120 மீட்டர் படம் ஒன்று போதும். விலை பேச வைக்கும் படம் 35 முதல் 50 மீட்டரில், கேமராவை 30 பாகை கீழே சாய்த்து எடுப்பது. சாலை கீழ் மூலையில் தொடங்கி லோட்டுக்குள் நுழைவது தெரிய வேண்டும். வீட்டுக்கு 15 மீட்டருக்கு மேல் போனால் கூரையைத்தான் விற்பனைக்கு வைத்த மாதிரி ஆகிவிடும். இந்த வட்டாரத்தில் ஒரு குறை உறுத்துகிறது: பின்னணியில் சுண்ணாம்புக்கல் மலை கம்பீரமாக நின்றாலும், 24 மி.மீ. அதைச் சின்ன மேடாக்கிவிடும். மலை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் தொலைவை இழுத்துக் காட்டும் 70 மி.மீ. கேமராவும் உள்ள டிஜேஐ ஏர் 3 தேவை. ஆனால் அது 720 கிராம், மினி 249 கிராம்தான். டிக்டாக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு மினி கேமராவையே 90 பாகை திருப்பி நெட்டுவாக்கில் எடுக்கும். ஏர் 3 அப்படித் திருப்பாது, நறுக்கித்தான் தரும்.

காலையில் பனி விலகியதிலிருந்து பத்து, பத்தரை வரை நல்ல நேரம். உச்சி வெயிலில் துத்தநாகக் கூரை வெளுத்துப் போகும், பக்கத்துச் செம்பனை கறுத்துப் போகும். ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுக்கும் ஏஇபி முறையில் 5 படம் எடுத்து இணைத்தால் இரண்டையும் ஓரளவு காப்பாற்றலாம். வீடியோ நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி வடிகட்டியை லென்ஸில் மாட்டுங்கள்: காலை வெயிலுக்கு என்டி 64, உச்சிக்கு என்டி 256. மறந்தால் மட்டைகள் விட்டுவிட்டுத் துடிப்பதுபோல் வரும்.

பேட்டரிக்கு 34 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். அது காற்றில்லாத கணக்கு. 25 விழுக்காடு மிச்சம் இருக்கும்போதே இறக்குங்கள். பிளஸ் பேட்டரி போட்டால் நேரம் கூடும், எடையும் 249 கிராமைத் தாண்டும். ஆறு திசையிலும் தடையை உணரும் என்பது உண்மைதான், ஆனால் மின்கம்பியும் மட்டை நுனியும் அதன் கண்ணுக்குப் படுவதை நம்பக்கூடாது. டிரோன் தானாக உங்களிடம் திரும்பி வரும்போது பறக்கும் உயரத்தை 60 மீட்டராவது வையுங்கள். மரங்கள் 9 மீட்டர் இடைவெளியில் நிற்கும் தோட்டத்தில், மட்டைகளுக்கு இடையில் அது தானாக இறங்க விடாதீர்கள். 25 மீட்டரில் நிறுத்திக் கையால் இறக்குங்கள். முடிந்தால் செம்மண் சாலைச் சந்திப்பிலிருந்து ஏற்றுங்கள், அடியில் ஒரு விரிப்பு போட்டு. கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலுக்குள் செம்மண் தூசி போனால் படம் நடுங்கும்.

249 கிராம்தானே, அனுமதி எதற்கு என்ற பேச்சை நம்பாதீர்கள். கூலிக்குப் படம் எடுப்பதற்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், வான்வழிப் படத்துக்கு நில அளவைத் துறையான ஜூபெம்மின் அனுமதியும் வேண்டும். உயர வரம்பு 400 அடி. டெரஸ் வீடு என்றால் இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கொல்லைப்புறத்தில் துணி காய்வதும் படத்தில் விழும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு லோட் மட்டும் விற்கும் ஏஜெண்டு டிரோன் வாங்குவதைவிட ஆள் வைத்துக்கொள்வது மேல். பேசும்போதே அனுமதிக் கடிதத்தின் நகல், சுருக்காத மூலக் கோப்புகள், சாக்கு விரித்த படம் ஒன்று, சாக்கு எடுத்த படம் ஒன்று என்று கேட்டுவிடுங்கள். வாங்குகிறவருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள்.