சரியான ஓடுபாதைதானா? திசைகாட்டியும் குரல் எச்சரிக்கையும்

உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளத்தின் விமானங்களைப் பார்த்து வளர்ந்து, விமானியாக ஆசைப்படும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்காக இது. புறப்படும் முன் ஓடுபாதையை உறுதிசெய்யும் இரண்டு வழிகளை ஒப்பிடலாம்.

முதலாவது, திசைகாட்டி. ஓடுபாதையின் காந்தத் திசையைப் பத்தால் வகுத்தால் வருவதே அதன் எண். 22 என்றால் சுமார் 220 பாகை. பாதையில் நேராக நின்றதும் தரையில் எழுதிய எண், திசைகாட்டி, கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கிடைத்த அனுமதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று இரு விமானிகளும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2006-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் 22-க்குப் பதிலாக 26-இல் ஓடிய விமானம் நொறுங்கி 49 பேர் இறந்தார்கள். 40 பாகை வித்தியாசம், கருவியில் தெரிந்திருக்கும்! நினைத்தாலே மனசு பதறுகிறது.

அடுத்தது, விமானத்தில் உள்ள கருவி தரும் குரல் எச்சரிக்கை. ஜிபிஎஸ் இருப்பிடத்தை வைத்து, எந்தப் பாதையில் நிற்கிறோம் என்று அறிவிக்கும். ஆனால் எந்தப் பாதைக்கு அனுமதி கிடைத்தது என்பது அதற்குத் தெரியாது.

என் தேர்வு திசைகாட்டிதான். சரி, ஒரே திசையில் அருகருகே இருக்கும் இணைப் பாதைகளில்? 2000-இல் தைபேயில் 05 இடதுக்குப் பதிலாக, மூடியிருந்த 05 வலதில் ஓடிய விமானம் நொறுங்கி 83 பேர் பலியானார்கள். இரண்டுக்கும் ஒரே திசை. அங்கே குரலே உதவும். நமக்குப் பக்கத்து மதுரையில் ஒரே ஓடுபாதை, திசை பார்த்தாலே எந்த முனை என்று தெரியும். இணைப் பாதைகள் உள்ள டெல்லியில் குரலும் வேண்டும்.