611 என்று வந்தால் செம்பருத்தியா, ரோஜாவா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை ஒரு சுற்று வந்தால், ஒரே நிறக் குடும்பத்தில் நாலைந்து பூ கண்ணில் படும். பன்னீர் ரோஜா, செவ்வரளி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. சுங்குடிச் சேலை எடுக்கப் போய் ‘வாடாமல்லி கலர்’ என்று சொன்னால் கடைக்காரருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கண்ணுக்கு அக்காள் தங்கை போல இருக்கும் இந்தப் பூக்களின் நிறமிகளுக்குள் வேதியியலில் சொந்தமே கிடையாது. ரோஜாவிலும் அரளியிலும் இருப்பது ஆந்தோசயனின். வாடாமல்லியிலும் கோழிக்கொண்டையிலும் இருப்பது பீட்டாலைன். இது நைட்ரஜன் உள்ள வேறு சாதிப் பொருள். இயற்கையில் இந்த இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து கிடைத்ததில்லை.

மதுரையில் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு புராஜெக்ட் வழிகாட்டியாக இருக்கிறேன். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் ஒரு பூவோடு வந்து, “சார், இதுல இருக்கிற நிறமியோட கட்டமைப்பைக் கண்டுபிடிக்கணும். எல்சி-எம்எஸ்ஸுக்கு அனுப்பிரலாமா?” என்று கேட்பார். கையில் உள்ள வழிகள் நான்கு: சோதனைக்குழாய், கலவையைப் புள்ளிகளாகப் பிரிக்கும் தாள் அல்லது டிஎல்சி தகடு, எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யுவி-விசிபிள் கருவி, கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் மூலக்கூறு நிறையையும் அளக்கும் எல்சி-எம்எஸ். இவற்றுக்கு மேலே, எந்த அணு எதோடு ஒட்டியிருக்கிறது என்று காட்டும் என்எம்ஆர். எது எதைச் சொல்லும், எங்கே கைவிடும் என்று தெரியாமல் காசு கட்டி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

சோதனைக்குழாயில் தொடங்கலாம். ரோஜா இதழ்ச் சாறு ஒன்றில், வாடாமல்லிச் சாறு இன்னொன்றில். இரண்டிலும் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கொதிக்கும் நீரில் 5 நிமிடம் நிறுத்த வேண்டும். ரோஜாக் குழாய் சிவப்பாகவே நிற்கும். வாடாமல்லிக் குழாயில் அந்த அடர்ந்த ஊதா, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப் போகும். வேறு இரண்டு குழாய்களில் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுங்கள். ரோஜா நீலப்பச்சைக்குப் போய் மெல்ல மங்கும், வாடாமல்லி மஞ்சளாகும். அவ்வளவுதான், குடும்பம் எது என்பது முடிவாகிவிட்டது. கல்லூரி ஆய்வகத்தில் பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பெரிய கருவிக்கு ஓடுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. அடுத்த படிகள் எல்லாமே இந்த விடையைப் பொறுத்தவை. ஆந்தோசயனினை அமிலம் கலந்த மெத்தனாலில் எடுக்க வேண்டும். பீட்டாலைனை அப்படி எடுத்தால் எடுக்கும்போதே பாதி கெட்டுப்போகும். அதற்குக் குளிர்ந்த நீரோ, நீர் கலந்த மெத்தனாலோ போதும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பி இதற்கு மேலே போக முடியாது. ஜெர்மனியில் வில்ஷ்டேட்டர் என்ற வேதியியலாளர் 1913-இல் நீல நிறக் கார்ன்ஃபிளவரிலிருந்து சயனின் என்ற நிறமியைப் பிரித்தார். அதே சயனின்தான் சிவப்பு ரோஜாவிலும் இருந்தது. பூச்சாற்றின் அமிலத்தன்மை, உடன் இருக்கும் உலோக அயனிகள், ஃபிளேவோன் என்ற வெளிர்மஞ்சள் பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மூலக்கூறை இரண்டு நிறமாகக் காட்டுகின்றன.

சரி, எல்சி-எம்எஸ்ஸுக்கு வருவோம். நான் ஏமாந்தது இங்கேதான். வீட்டு வேலியோரச் செம்பருத்தியின் சாற்றை ஒரு வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நிறை 611 என்று ஒரு பெரிய சிகரம், பக்கத்தில் கணினி நூலகம் பொருத்திப் பார்த்துத் தந்த பெயர்: ரூட்டின். ரூட்டின் வெளிர்மஞ்சள் பொருள். நாங்கள் அனுப்பியதோ ரத்தச் சிவப்பான சாறு. அந்த மாணவி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப என் பூ சிவப்பே இல்லையா சார்?” என்று கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

நடந்தது இதுதான். செம்பருத்தியின் முக்கிய நிறமி சயனிடின்-3-சோபோரோசைடு. அதாவது சயனிடின் என்ற ஆந்தோசயனின் கருவின் 3-ஆம் இடத்தில் ஒரு குளுக்கோஸ், அதன் முதுகில் இன்னொரு குளுக்கோஸ். ரோஜாவின் சயனின் என்பது சயனிடின்-3,5-டைகுளுக்கோசைடு. இதில் 3-இல் ஒரு குளுக்கோஸ், 5-இல் இன்னொன்று. இரண்டுமே நேர் அயனியாக 27 கார்பன், 31 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன். ரூட்டின் ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டால் அதுவும் அச்சு அசலாக அதே 27, 31, 16. எத்தனை துல்லியமான கருவியாக இருந்தாலும் முழு நிறையை மட்டும் வைத்து இந்த மூன்றையும் பிரிக்க வழியே இல்லை, அணுக்கணக்கே ஒன்றாக இருக்கும்போது.

அயனியை உடைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் வரும். ரூட்டின் உடைந்தால் 303 மிஞ்சும், சயனிடின் பொருள்கள் உடைந்தால் 287. ஆக ரூட்டின் விலகிவிடும். ரோஜாவா செம்பருத்தியா என்றால், ரோஜாவின் சயனின் ஒவ்வொரு குளுக்கோஸாக உதிர்ப்பதால் நடுவில் 449 நன்றாகத் தெரியும். சோபோரோசைடு இரண்டையும் சேர்த்தே உதிர்த்து, பெரும்பாலும் நேராக 287-க்கு வந்துவிடும். குறிப்புதான், சாட்சியம் அல்ல. அப்புறம், 162 உதிர்ந்தால் குளுக்கோஸா, காலக்டோஸா, காஃபிக் அமிலத் துண்டா என்பதையும் சாதாரண எம்எஸ் சொல்லாது.

எங்கள் கல்லூரி அறையிலேயே இருந்த யுவி-விசிபிள் கருவி அந்த மாணவியின் கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்கும். அமில மெத்தனாலில் சயனிடின் கிளைகோசைடுகள் (சர்க்கரை ஒட்டியவை) 525-530 நானோமீட்டரை ஒட்டி உச்சம் காட்டும், அதன் உறவுக் கருக்களில் பெலார்கோனிடின் வகை 510-க்குக் கீழே, டெல்ஃபினிடின் வகை 535-ஐத் தாண்டி. ரூட்டினுக்கு அந்தப் பகுதியில் ஒன்றுமே இருக்காது. ஒரு சொட்டு அலுமினியம் குளோரைடு கரைசல் விட்டு உச்சம் நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்தால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் இருக்கிறது என்று அர்த்தம். நகராவிட்டால், அப்படி இல்லாத பியோனிடின், மால்விடின் மாதிரி. இன்னொரு அளவை பலர் விட்டுவிடுகிறார்கள்: 440-இல் உள்ள உறிஞ்சலை உச்சத்தின் உறிஞ்சலால் வகுப்பது. 5-ஆம் இடத்திலும் சர்க்கரை இருந்தால் இந்த விகிதம், 3-இல் மட்டும் சர்க்கரை உள்ள பொருளோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடும். ரோஜாவில் இறங்கும், செம்பருத்தியில் இறங்காது. எம்எஸ் தடுமாறும் இடத்தில் இந்தப் பழைய கருவி தெளிவாகப் பேசுகிறது. ஒரே நிபந்தனை, நிறமியை முதலில் பிரித்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். முழுச் சாற்றில் அளந்தால் மஞ்சள் ஃபிளேவோன்கள் 440-ஐக் கெடுத்துவிடும்.

தாளை இதற்குப் பிறகு சொல்வதால் அது குறைந்தது என்று எண்ண வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அதில்தான் இருக்கிறது. நிறமியை அமிலத்தில் மெதுவாகச் சூடாக்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து வாட்மேன் தாளில் வரிசையாக வையுங்கள். பியூட்டனால்-அசிட்டிக் அமிலம்-நீர் 4:1:5 கலந்து, மேலே பிரியும் அடுக்கில் ஓட விடுங்கள். செம்பருத்தி நிறமிக்கு மொத்தம் 3 புள்ளி கிடைக்கும்: முழுப் பொருள், ஒரு குளுக்கோஸ் போனது, வெறும் சயனிடின். ரோஜாவுக்கு 4. ஏனென்றால் அங்கே 3-இல் உள்ளது முதலில் போகலாம், 5-இல் உள்ளதும் முதலில் போகலாம், ஆக நடுப்பொருள் இரண்டு. சர்க்கரை எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் புள்ளியை எண்ணியே சொல்லிவிடலாம்! நம் குளித்தலையில் 1900-இல் பிறந்து, மான்செஸ்டரில் வேதியியலாளர் ராபின்சனிடம் பயின்று, பூ நிறமிகளில் பெயர் பெற்ற டி.ஆர். சேஷாத்ரி காலத்து வேதியியலாளர்கள், உடைத்து எண்ணி ஒப்பிட்டே கட்டமைப்பைக் கட்டி எழுப்பினார்கள்.

செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் இவ்வளவு போதும். இரண்டின் நிறமியும் ஏற்கெனவே தெரிந்தவை, நாம் உறுதிப்படுத்துகிறோம், அவ்வளவுதான். யுவியும் தாளும் முதலில், எல்சி-எம்எஸ் கிடைத்தால், ஒளி உறிஞ்சலையும் கூடவே பதியும் டையோடு அரே கண்டறிவான் இணைந்ததாகப் பார்த்து அனுப்புவது, இதுதான் என் தேர்வு. அனுப்பும்போது உடைந்த துண்டுகளின் நிறையையும் ஒவ்வொரு சிகரத்தின் நிறமாலையையும் கேட்டு வாங்க வேண்டும்.

வாடாமல்லி வேறு கதை. அதில் உள்ள கோம்ஃப்ரெனின்-1 நிறை 551, உடைந்தால் 389. பீட்ரூட்டின் பீட்டானினும் 551, அதுவும் 389. பீட்டானினில் குளுக்கோஸ் 5-ஆம் ஆக்சிஜனில், கோம்ஃப்ரெனினில் 6-ஆம் ஆக்சிஜனில். உச்சமும் இரண்டுக்கும் 540-ஐ ஒட்டியே. அமிலத்தில் நிதானமாக உடைத்துப் பார்க்கலாம் என்றால் பொருளே கையில் மிஞ்சாது. மாதிரிப் பொருளாகப் பீட்ரூட் சாற்றையே பக்கத்தில் ஓட்டினால், எல்சி-யின் சி-18 பிரிப்புத் தூணில் பீட்டானின் முன்னால் வரும், கோம்ஃப்ரெனின் பிந்தி வரும். கூமாரிக் அமிலம் ஒட்டிய கோம்ஃப்ரெனின்-2 இன்னும் பிந்தும். அதன் கூடுதல் 146-ஐ ரேம்னோஸ் சர்க்கரை என்று தவறாக எழுதிவிடாமல் காப்பாற்றுவது 310 நானோமீட்டர் பக்கம் எழும் சிறு மேடுதான், அதுவும் யுவி கொடுப்பதே.

ஆனால் குளுக்கோஸ் 6-இல்தான் ஒட்டியிருக்கிறது என்று பக்கத்தில் மாதிரி எதுவும் இல்லாமல் சொல்ல என்எம்ஆர் மட்டுமே உண்டு. அதற்குச் சுத்தமான பொருள் மில்லிகிராம் கணக்கில் வேண்டும், பூ கூடைக் கணக்கில் வேண்டும், பிரிக்கும் வாரம் முழுக்கக் குளிரும் இருட்டும் வேண்டும். இந்த ஆண்டு ஒரு மாணவர் அதற்குத்தான் மார்க்கெட்டில் வாடாமல்லி வாங்கி வருகிறார். இருக்கிற காசையெல்லாம் அந்த ஒரு மாதிரிக்கு ஒதுக்கிவிட்டேன்.