ஆறு கூடாரங்களும் மணற்காட்டுச் சோளகமும்: கிளிநொச்சி வாடகைக் கடையொன்று பற்றி

எங்கள் தேவாலயப் பங்கின் இளையோர் ஒன்றியம் இந்த ஆண்டுப் பாசறைக்குப் ‘பாலைநிலம்’ என்பதைக் கருப்பொருளாக எடுத்ததால், அதற்கேற்ற இடமாக வடமராட்சி கிழக்கின் மணற்காட்டைத் தெரிவுசெய்தோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும் அந்த இடத்தைப் பாலைவனம் என்பது மிகைதான். ஆனாலும் வயலும் குளமும் காடும் பார்த்து வளர்ந்த வன்னிப் பிள்ளைகளுக்கு, அலையலையாகக் கிடக்கும் மணல்மேடுகளும், மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும் போதுமான பாலைவனமாகவே இருந்தன.

இருபத்திரண்டு பேருக்கான ஆறு கூடாரங்களை ஏ9 வீதியோரத்தில் உள்ள ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். நால்வர் தங்கக்கூடிய கூடாரம் ஒன்றுக்கு இரவுக்கு 1,500 ரூபாவும், மொத்தத்துக்கும் பிணையாக 10,000 ரூபாவும், பொறுப்பாளர் ஒருவரின் அடையாள அட்டைப் பிரதியும் கேட்டார்கள். கூடாரங்கள் துவைத்துக் காய்ந்து மணமின்றி இருந்தன. சிப்புகள் (zip) இழுத்த இழுப்புக்கு ஓடின. கடைப் பையன் முற்றத்திலேயே ஒன்றை விரித்துக் காட்டி, வளையும் தண்டுகளை எந்த ஒழுங்கில் கோக்க வேண்டும் என்பதைப் பெண்பிள்ளைகளைக் கொண்டே இருமுறை செய்வித்தது, நான் வேறு கடைகளில் காணாத பொறுமை.

குறை முளைகளில் இருந்தது. கூடாரத்துடன் தரப்பட்டவை ஒரு சாண் நீளமான மெல்லிய கம்பி முளைகள். இறுகிய செம்மண்ணில் அவை நன்றாகப் பிடிக்கும். உதிர் மணலில் சோற்றில் குத்திய ஈர்க்குப்போல நிற்கும். மணற்காட்டுக்குப் போகிறோம் என்று பதிவுசெய்யும்போதே சொல்லியிருந்தும், அதைப்பற்றி ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. கொடிகாமத்தில் திரும்பிக் குடத்தனை வழியாகப் போய்ச் சேர்ந்த எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு: கடலில் சூரியன் எழுவதைப் பார்க்க வேண்டுமென்று, சவுக்கு மரங்களின் மறைவை விட்டு மேட்டின் உச்சியில் அடித்தோம். ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்றான சோளகம் அதற்காகவே காத்திருந்ததுபோல, நள்ளிரவு தாண்டியதும் இரண்டு கூடாரங்களை முளையோடு பிடுங்கி உருட்டியது. ஒன்றுக்குள் ஆள் இருந்தார்.

சமையலுக்காக எங்களுடன் வந்த ஐயாதான் நிலைமையைச் சரிப்படுத்தினார். “தம்பியவை, உந்தக் கம்பியளை விட்டிட்டு விறகு கொண்டந்த உரப்பையளை எடுத்து வாங்கோ” என்றார். பையில் முக்கால்வாசி மணலை நிரப்பி, கூடாரத்துக் கயிற்றை அதன் கழுத்தில் இறுக்கி, காற்றுவரும் பக்கத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் கிடையாகப் புதைத்து, மேலே ஏறி மிதித்தார். விடியும்வரை எதுவும் அசையவில்லை. இதை எங்கே படித்தீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டபோது, “மாத்தளனில. அப்ப உரப்பை இல்லை, சீலையில தைச்சனாங்கள்” என்று சொல்லிவிட்டுத் தேநீருக்கு அடுப்பு மூட்டப் போனார். 2009இல், போரின் இறுதி மாதங்களில், மாத்தளன் கடற்கரை மணலில் தறப்பாளின் கீழ் இருந்தவர் அவர். கூடாரத்தில் தூங்கப் போகிறோம் என்றபோது சில தாய்மார் ஏன் முகம் சுளித்தார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திருப்பிக் கொடுத்தபோது, சிப்புகளில் மணல் ஏறிவிட்டதாகக் கூறி 1,000 ரூபாவைப் பிணைப்பணத்தில் கழித்தார்கள். முளைகளைப்பற்றி நான் முறையிட்டதற்கு, மணலுக்கென்று வேறு முளை தங்களிடம் இல்லை என்பதே பதில். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஆயிரத்தை நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன்.

குளக்கட்டு, பாடசாலை மைதானம், தேவாலய வளவு போன்ற இடங்களுக்கு இந்தக் கடையின் கூடாரங்களைத் தயக்கமின்றி எடுக்கலாம். விலைக்கு ஏற்ற பொருள். கடற்கரைக்கோ மணல்மேட்டுக்கோ எடுப்பவர்கள் கூடாரத்துக்கு நான்கு வெறும் உரப்பைகளும், ஒரு மண்வெட்டியும், சிப்பைத் துடைக்க ஒரு பழைய பல்தூரிகையும் தாங்களே கொண்டுபோக வேண்டும். அடுத்த ஆண்டுக்கும் அங்கேயே முற்பணம் கட்டியிருக்கிறேன், பற்றுச்சீட்டின் பின்புறத்தில் ‘சிப்பில் மணலுக்குக் கழிவு இல்லை’ என்று எழுதுவித்துக்கொண்டு.