செட்டைத் தூக்கும் முன் மலையைப் பாருங்கள்: ரேடியோ மொபைல் மென்பொருள்

ராணுவ சிக்னல்ஸில் 17 வருடம் ரேடியோ செட்டை முதுகில் சுமந்தவன் நான். எந்த மேட்டில் ஏறினால் எதிர்முனை கேட்கும் என்பதை நடந்து நடந்துதான் கற்றோம். கனடாவைச் சேர்ந்த ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்) ரோஜர் கூடே எழுதிய, மேடு பள்ளத்தை வைத்து இரண்டு செட்டுக்கு இடையே பேச்சு எட்டுமா என்று கணினியில் கணக்கிடும் ரேடியோ மொபைலை இப்போது ஆறு மாதமாக ஓட்டுகிறேன். அன்றைக்கு இது கையில் இருந்திருந்தால் எத்தனையோ வீண் ஏற்றம் மிச்சமாகியிருக்கும்.

மென்பொருளின் படத்தில் ஊட்டியில் ஒரு செட், கோத்தகிரியில் ஒரு செட் வைத்தேன். சிறு படைப்பிரிவுகள் பேசும் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 40ஐ எடுத்துக்கொண்டு, 5 வாட், 2 மீட்டர் ஆன்டெனா என்று கொடுத்தேன். இணைப்புக் கோடு சிவப்பு, அதாவது பேச்சு எட்டாது. இடையிலுள்ள நிலத்தின் குறுக்குவெட்டைத் திறந்தால் நடுவில் தொட்டபெட்டா, 2637 மீட்டர்! ஆன்டெனாவை 10 மீட்டராக்கியும் சிவப்புதான். அந்த மலைக்கு முன்னால் ஒரு கம்பம் என்ன செய்யும்? உச்சியில், ஒரு பக்கச் செய்தியை வாங்கி மறுபக்கம் அனுப்பும் ஒரு ரிலே வைத்தேன். இரண்டு பக்கமும் பச்சை.

கணக்குக்கு அடிப்படை, மேடு பள்ளத்தில் அலை எவ்வளவு பலவீனமாகும் என்று கணிக்கும் லாங்லி-ரைஸ் முறை. நில உயரம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தது. அந்த ரேடார் அடர்ந்த காட்டில் தரையை எட்டாது. மர உச்சிக்கு அருகிலேயே நின்றுவிடும். அதனால் யூகலிப்டஸ் தோப்புக்குள் நிற்பவன், படத்தில் மரத்தின் மேல் நிற்கிறான். ஹாம் கைசெட்டோடு நேரில் போனபோது, படத்தில் பச்சையாக இருந்த ஒரு தோப்பில் கரகரப்புதான் மிஞ்சியது. இதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், நம்பகத்தன்மைச் சதவீதம். 50 என்று விட்டால் படம் அழகாகப் பச்சையாகும், ஆனால் பாதி நேரம்தான் பேச்சு கேட்கும் என்று பொருள். உயிர் அந்தச் செய்தியை நம்பியிருக்கும்போது 90க்குக் கீழே வைக்க எனக்கு மனம் வராது.

திரை பழைய விண்டோஸ் பாணி, முதல் வாரம் தடுமாறுவீர்கள். அலைவரிசையை நொடிக்கு நொடி மாற்றிப் பேசும் தாவல், எதிரி இரைச்சல் அனுப்பித் தடுக்கும் ஜாமிங், ஒரே நேரத்தில் பத்து செட் பேசினால் வரும் நெரிசல் எதுவும் இதில் இல்லை. அதற்கு அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் எமேன் (EMANE) மென்பொருள் இருக்கிறது. அதை ஓட்ட லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும். மலையைப் படிக்க ரேடியோ மொபைலே போதும். இலவசம்தான், ஹாம், மனிதாபிமானப் பணிகளுக்கென்றே கூடே கொடுத்திருக்கிறார். இறக்கியதும் முதலில் உங்கள் ஊர் மேட்டைப் போட்டுப் பாருங்கள்.